உலோகத்தின் மேல்தோலும் நம் கலாசாலைகளும்

இந்நாளில் நம் பல்கலைக்கழகங்களில் ரசாயனத்திலோ பௌதிகத்திலோ டாக்டர் பட்டத்துக்காக எழுதப்படும் ஆய்வேடுகளில் எதை எடுத்துப் புரட்டினாலும், நடுப்பக்கங்களில் சாம்பல் நிறத்தில் சில படங்கள் அச்சாகியிருக்கக் காணலாம். குருணை குருணையாகவோ, இதழ் இதழாகவோ, நார் நாராகவோ ஏதோ ஒரு வஸ்துவின் மேற்பரப்பு அவற்றில் தெரியும். கீழே ஒரு மூலையில் சிறு கோடு ஒன்றும், அக்கோட்டின் நீளம் ஒரு மைக்ரான் என்றோ இருநூறு நானோமீட்டர் என்றோ ஒரு குறிப்பும் இருக்கும். மாணவர்கள் ‘எஸ்.இ.எம். படம்’ என்று சொல்லும் இவை ஸ்கேனிங் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் என்னும் யந்திரத்தால் எடுக்கப்பட்டவை. தன் மாதிரியைச் சிறு குப்பியில் இட்டு, அந்த யந்திரம் உள்ள இடத்துக்கு அனுப்பி, கட்டணத்தைச் செலுத்தி, முறை வரும்வரை காத்திருந்து, பிறகு மின்னஞ்சலில் வந்து சேரும் படத்தை ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளும் மாணவனிடம், ‘இந்தப் படத்தில் விளிம்புகள் மட்டும் ஏன் இவ்வளவு பிரகாசமாக இருக்கின்றன?’ என்று வாய்மொழித் தேர்வுகளில் நான் கேட்டதுண்டு. கெட்டிக்கார மாணவர்கள்கூட அக்கேள்விக்கு முன் திகைத்து நின்றதைக் கண்டு வருந்தியதும் உண்டு. அவர்களைக் குறை கூறுவதில் நியாயமில்லை. அக்கேள்விக்கு விடை எந்த மேற்பரப்பில் பிறக்கிறதோ அந்த மேற்பரப்பை அவர்கள் ஒருநாளும் தம் கையால் துலக்கி, சூடேற்றி, அளந்து பார்த்ததில்லை. அப்படி அளந்து பார்க்க நாம் அவர்களுக்கு வழி செய்து கொடுக்கவும் இல்லை. இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது அந்தக் குறைதான்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் எலெக்ட்ரானோ, அயனியோ, வேறு ஏதேனும் ஒரு துகளோ போதிய வேகத்தோடு ஒரு திடப்பொருளின்மீது வந்து மோதும்போது, அப்பொருளுக்குள்ளே இருக்கும் எலெக்ட்ரான்களில் சில அம்மோதலால் சக்தி பெற்று, மேற்பரப்பின் தடையைத் தாண்டி வெளியே வந்துவிடுகின்றன. இவ்வாறு வருபவற்றை இரண்டாம் நிலை எலெக்ட்ரான்கள் என்பார்கள். வந்து மோதியது இருபதாயிரம் எலெக்ட்ரான் வோல்ட் சக்தியோடு வந்திருந்தாலும், கிளம்பி வெளிவருபவை மிக மெதுவானவை. அவற்றில் பெரும்பாலானவற்றின் சக்தி 50 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு உட்பட்டது, மிகப் பலவற்றின் சக்தியோ ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவதில்லை. மோதிய ஒவ்வொரு துகளுக்கும் சராசரியாக எத்தனை எலெக்ட்ரான்கள் வெளிவருகின்றன என்ற விகிதமே இத்துறையில் உழைப்பவர்கள் விடாமல் அளந்து வரும் எண். அது ஒன்றுக்கு மேற்பட்டால் அந்த மேற்பரப்பு வாங்கியதைவிட அதிகமாகத் திருப்பித் தருகிறது; ஒன்றுக்குக் குறைந்தால் வந்ததில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. ஒன்று என்ற அந்த எல்லையின் எந்தப் பக்கத்தில் ஒரு மேற்பரப்பு நிற்கிறது என்பதைப் பொறுத்தே, பின்னால் நான் சொல்லப்போகும் யந்திரங்கள் வேலை செய்வதும் செய்யாமற்போவதும் அமைகின்றன.

இதை முதலில் கண்டவர்கள் ஆஸ்டின் என்ற அமெரிக்கரும் ஸ்டார்க்கே என்ற ஜெர்மானியரும் ஆவர். எலெக்ட்ரான் என்ற துகளை ஜே. ஜே. தாம்ஸன் உலகுக்கு உணர்த்தி ஐந்தாண்டுகளே கழிந்திருந்த சமயம், 1902-ஆம் ஆண்டில், கதோடு கதிர்கள் ஓர் உலோகத் தகட்டில் பட்டு எவ்வளவு திரும்புகின்றன என்பதை அவ்விருவரும் ஜெர்மனியில் அளந்துகொண்டிருந்தார்கள். எதிர்மின்சாரத்தை இடைவிடாது பெற்றுக்கொண்டிருக்கும் தகடு எதிர்மின்னேற்றம் அடையவேண்டும் என்பது சிறு பிள்ளையும் எதிர்பார்ப்பது; ஆனால் கதிர்களைச் சாய்வாக விழச்செய்தபோது அத்தகடு நேர்மின்னேற்றம் அடைவதை அவர்கள் கண்டார்கள். வந்ததைக் காட்டிலும் போனது மிகுதியாக இருந்தாலொழிய அது சாத்தியமில்லை. கதிர்கள் திரும்புவதை அளக்கப் போனவர்கள், திரும்புதலோடு கூடிய புதியதோர் உமிழ்வையும் கண்டதாகத் தம் கட்டுரையின் தலைப்பிலேயே எழுதி வெளியிட்டார்கள்.

இனி, இந்த உமிழ்வு எங்கே நிகழ்கிறது என்பதுதான் என் வாதத்துக்கு அடிப்படை. மிகக் குறைந்த வேகத்தோடு வரும் எலெக்ட்ரான் உள்ளே சிலவற்றையே எழுப்ப வல்லது; ஆகையால் விகிதம் சிறிதாக இருக்கும். வேகம் கூடக் கூட எழுப்பப்படுபவை பெருகுகின்றன. சில நூறு எலெக்ட்ரான் வோல்ட் சக்தியில் விகிதம் உச்சத்தை அடைகிறது. அதற்கு மேலும் வேகத்தைக் கூட்டினால், விகிதம் உயர்வதற்குப் பதிலாகத் தாழத் தொடங்குகிறது. காரணம், வேகமாக வருவது ஆழத்தில் போய்த் தன் சக்தியைச் செலவிடுகிறது. ஆழத்தில் எழுந்த எலெக்ட்ரான்கள் வெளியே வர முடிவதில்லை. தேர்த்திருவிழா நாளில் கோயிலுக்குள் நெருக்கியடித்து நிற்கும் ஜனங்களிடையே திடீரென்று ஒரு பரபரப்பு மூண்டால், வாசலை ஒட்டி நிற்பவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். உட்பிராகாரத்தில் நிற்பவர்களோ, எவ்வளவு வேகத்தோடு புறப்பட்டாலும், ஒருவர்மேல் ஒருவர் இடித்து இடித்து வலுவிழந்து, கோபுரவாசலை எட்டுவதற்கு முன்பே நின்றுவிடுவார்கள். உலோகத்துக்குள் அந்த நெருக்கம் மிக அதிகம். அங்கே சுதந்திரமாகத் திரியும் எலெக்ட்ரான்கள் நிறைந்திருப்பதால், ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் ஆழத்துக்குள், அதாவது ஒருசில அணு அடுக்குகளுக்குள், எழுந்தவை மட்டுமே தப்பி வெளிவருகின்றன. செம்பு, பொன், பிளாட்டினம் முதலிய உலோகங்களின் உச்ச விகிதம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே நிற்பதற்குக் காரணம் இதுவே. மின்சாரத்தைக் கடத்தாத மக்னீசியம் ஆக்ஸைடு போன்றவற்றிலோ, இடித்துத் தடுக்கும் சுதந்திர எலெக்ட்ரான்கள் இல்லாமையால், பல பத்து நானோமீட்டர் ஆழத்திலிருந்துகூட அவை மேலேறி வருகின்றன. விகிதம் பத்தையும் தாண்டுகிறது.

மைக்ராஸ்கோப்புப் படத்தில் விளிம்புகள் மின்னுவதற்கு விடையும் இங்கேயே இருக்கிறது. சரிவின்மீது சாய்வாக விழும் எலெக்ட்ரான் கற்றை, மேற்பரப்பை ஒட்டியே நெடுந்தூரம் செல்வதால், தப்பி வரக்கூடிய ஆழத்துக்குள்ளேயே மிகுதியான எலெக்ட்ரான்களை எழுப்புகிறது. விளிம்பிலோ, அவை வெளியேற ஒரு பக்கத்துக்கு இரண்டு பக்கம் கிடைத்துவிடுகிறது. ஆஸ்டினும் ஸ்டார்க்கேயும் தகட்டைச் சாய்த்தபோது கண்டதும் இதே நியாயம்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஓட்லி என்பவர் தம் மாணவர் பரம்பரையோடு 1948 முதல் உழைத்து, மற்ற நிபுணர்கள் பயனற்றதென்று கைவிட்ட இந்த மைக்ராஸ்கோப்பை உயிர்ப்பித்து, 1965-இல் விற்பனைக்குரிய யந்திரமாக வெளிவரச் செய்தார். மெதுவான அந்த எலெக்ட்ரான்களைச் சில நூறு வோல்ட் நேர்மின்னழுத்தத்தால் ஈர்த்துத் திரட்டும் கருவியை எவர்ஹார்ட், தார்ன்லி என்ற அவருடைய மாணவர் இருவர் 1960-இல் அமைத்துக் கொடுத்தார்கள். இன்றும் அநேகமாக ஒவ்வொரு யந்திரத்திலும் அவ்விருவர் பெயரால் அக்கருவி இருக்கிறது.

மோதுவது அயனியாக இருந்தால் கதை சற்று வேறுபடுகிறது. எலெக்ட்ரான் தன் வேகத்தால்தான் அடிக்க வேண்டும். அயனிக்கோ வேகம் இல்லாவிட்டாலும் ஒரு சொத்து உண்டு. ஓர் எலெக்ட்ரானை இழந்து நிற்கும் ஹீலியம் அயனி, தூய டங்ஸ்டன் பரப்பை அணுகியதும், அங்கிருந்து ஓர் எலெக்ட்ரானைக் கவர்ந்து தன்னை நிறைவு செய்துகொள்கிறது. அப்போது விடுபடும் சக்தி மற்றோர் எலெக்ட்ரானை வெளியே தள்ளிவிடுகிறது. பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஹாக்ஸ்ட்ரம் என்பவர் 1950-களில் மிகுந்த சிரத்தையோடு செய்த அளவீடுகளின்படி, இவ்வாறு வரும் நூறு ஹீலியம் அயனிகளுக்கு ஏறக்குறைய முப்பது எலெக்ட்ரான்கள் வெளிவருகின்றன. அயனி மெதுவாக வந்தாலும் இந்தக் கணக்கு அதிகம் மாறுவதில்லை. கடைத்தெருவில் செந்நிறமாக ஒளிரும் நியான் விளக்கு அணையாமல் எரிவதும் இதனாலேயே: வாயுவில் பிறந்த அயனிகள் எதிர்மின்வாயில் மோதி எலெக்ட்ரான்களை எழுப்ப, அவை மீண்டும் வாயுவில் அயனிகளைப் பிறப்பிக்க, அந்தச் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கிறது.

இந்த நிகழ்ச்சியை யந்திர நிபுணர்கள் முதலில் வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது. பழைய ரேடியோப் பெட்டிகளின் வால்வுகளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வால்வுக்குள் திரைக்கிரிட் ஒன்றை வைத்து அதன் பெருக்கும் ஆற்றலை உயர்த்திய காலத்தில், புதிதாக ஓர் உபத்திரவம் தோன்றியது. சூடான எதிர்மின்வாயிலிருந்து விரைந்து வந்த எலெக்ட்ரான்கள் நேர்மின்தகட்டில் மோதி, இரண்டாம் நிலை எலெக்ட்ரான்களைக் கிளப்பின. தகட்டின் மின்னழுத்தம் தாழ்ந்த கணங்களில் அவை, தம்மைக் கிளப்பிய தகட்டுக்குத் திரும்பாமல், உயர்ந்த மின்னழுத்தத்தில் இருந்த திரைக்கிரிட்டுக்கு ஓடிவிட்டன. அதனால் மின்னழுத்தம் ஏறும்போது மின்னோட்டம் இறங்கும் விபரீதம் ஏற்பட்டது. ஒலிபெருக்கியில் சங்கீதம் சிதைந்தது. ஹாலந்து தேசத்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய டெல்லகென், 1926-இல், திரைக்கிரிட்டுக்கும் தகட்டுக்கும் இடையே மேலும் ஒரு கிரிட்டை நுழைத்தார். இடைவெளி அதிகமாகச் சுற்றப்பட்ட மெல்லிய கம்பிச் சுருள்தான் அது. எதிர்மின்வாயின் மின்னழுத்தத்திலேயே அதை அவர் வைத்தார். வேகமாக வரும் எலெக்ட்ரான்கள் அதைப் பொருட்படுத்தாமல் கடந்து சென்றன. மெதுவாகக் கிளம்பியவை அதைத் தாண்ட வலுவின்றித் தகட்டுக்கே திரும்பின. வேகமானவை, மெதுவானவை என்ற பேதத்தை அறிந்து, அந்த ஒன்றையே ஆயுதமாகக் கொண்ட இந்த உபாயத்தை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பென்டோடு என்ற பெயரில் அந்த வால்வு உலகெங்கும் வீடுகளில் பாடியது.

உபத்திரவத்தை விரட்டாமல் வேலைக்கு வைத்துக்கொண்டவர்களும் உண்டு. மான்செஸ்டரில் வில்லியம்ஸ், கில்பர்ன் இருவரும் கதோடு கதிர்க் குழாயின் திரைமீது எலெக்ட்ரான் கற்றையால் அடித்து, இரண்டாம் நிலை உமிழ்வினால் விளையும் மின்னேற்றப் புள்ளிகளையே ஞாபகமாகக் கொண்ட கணினி ஒன்றை அமைத்து, 1948 ஜூன் 21-ஆம் தேதி, தன்னுள்ளேயே சேமித்து வைத்த ஆணைகளின்படி அதை ஓடச் செய்தார்கள். 1969-இல் சந்திரனில் மனிதன் கால்வைத்த காட்சியை உலகுக்கு அனுப்பிய வெஸ்டிங்ஹவுஸ் காமிராவின் குழாயிலும், மங்கலான ஒளியைப் படமாக்கியது பொட்டாசியம் குளோரைடு பூச்சு ஒன்றுக்குள் பெருகிய இரண்டாம் நிலை எலெக்ட்ரான்களே. இவற்றை விரிக்கப் புகுந்தால் இடம் போதாது. ஒளிப்பெருக்கிக் குழாய்க்கு வருகிறேன்.

அந்தக் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அழகு தெரியும். கண்ணாடி முகப்பின் உட்புறத்தில், பழைய தேநீர்க் கறையைவிட வெளிறிய, ஊடுருவித் தெரியும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். ஒளி பட்டதும் எலெக்ட்ரானை உதிர்க்கும் பகுதி அது. அதற்குப் பின்னால், ஒன்றை ஒன்று பார்த்தவாறு வளைந்து நிற்கும் சிறு தகடுகள், பெரும்பாலும் பத்து, அடுக்கப்பட்டிருக்கும். சீசியமும் ஆன்டிமனியும் சேர்ந்த பூச்சோ, செம்பு பெரிலியம் கலவையின்மேல் வளர்த்த ஆக்ஸைடோ அத்தகடுகளின்மீது இருக்கும். டைனோடு என்று அழைக்கப்படும் ஒவ்வொரு தகடும் முந்தியதைவிட நூறு வோல்ட் அளவில் உயர்ந்து நிற்கும்படி மின்னழுத்தம் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கும். முகப்பிலிருந்து உதிர்ந்த ஓர் எலெக்ட்ரான் முதல் தகட்டில் மோதி நான்காகும். நான்கும் அடுத்ததில் மோதிப் பதினாறாகும். பத்தாவது தகட்டைக் கடக்கும்போது 10,48,576 ஆகியிருக்கும். இவ்வளவும் ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் நடந்து முடிந்துவிடும். மின்னழுத்தம் இருக்கையில் அறையின் வெளிச்சம் சிறிது உள்ளே புகுந்தாலும் குழாய் பாழாகிவிடும். ஆகையால் அதைக் கறுப்புத் தாளாலும் கறுப்பு நாடாவாலும் சுற்றிச் சுற்றி மூடி, எந்த மூலையில் ஒளி கசிகிறது என்று இருட்டறையில் தடவித் தேடுவது துகள் பௌதிகம் பயிலும் மாணவனின் முதல் பாடம். ஒரே ஓர் ஒளித்துகளை எண்ணிச் சொல்லக்கூடிய வேறொரு கருவி மனிதனிடம் நெடுங்காலம் இருந்ததில்லை. லெனின்கிராடில் குபெட்ஸ்கியும், அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனியில் ஸ்வொரிகின், மார்ட்டன், மால்ட்டர் மூவரும் 1930-களின் நடுவில் இந்தப் பெருக்கத்துக்கு நடைமுறை வடிவம் கொடுத்தார்கள்.

இக்குழாயின் சரித்திரத்தில் நம் ஜனங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கர்நாடகத்தின் கோலார் தங்கவயல், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்று குடியேறிய தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறையைக் குடைந்த இடம். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏறக்குறைய 2,300 மீட்டர் ஆழத்தில், பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒஸாகா, இங்கிலாந்தின் டர்ஹம் ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்களும் கூடி, ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகளையும் அவற்றை நோக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய்களையும் நிறுத்தி வைத்தார்கள். காஸ்மிக் கதிர்கள் வாயுமண்டலத்தில் பிறப்பிக்கும் நியூட்ரினோவின் சுவட்டை அவர்கள் அங்கே கண்டு, 1965 ஆகஸ்டு மாதத்தில் உலகுக்கு அறிவித்தார்கள். தென்னாப்பிரிக்காவின் சுரங்கம் ஒன்றில் இதே வேட்டையில் ஈடுபட்டிருந்த ரைன்ஸ் என்ற விஞ்ஞானியின் குழுவினரது அறிக்கை அதற்குச் சில நாட்கள் கழித்தே அச்சில் வந்தது. இந்தியப் பரிசோதனை விஞ்ஞானத்தின் பொன்னான அத்தியாயங்களில் இது ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அடுத்த அத்தியாயம் ஜப்பானில் எழுதப்பட்டது. கமியோகா என்ற ஊரின் சுரங்கத்தில், ஆயிரம் மீட்டர் ஆழத்தில், மூவாயிரம் டன் தூய நீரை நிரப்பி, அதைச் சுற்றி ஒளிப்பெருக்கிக் குழாய்களைப் பதித்து, புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க விரும்பினார் மஸடோஷி கோஷிபா. அமெரிக்காவில் அதே நோக்கத்தோடு இன்னும் பெரிய தொட்டியைக் கொண்டு எழுந்த பரிசோதனையில் ஐந்து அங்குலக் குழாய்கள் ஈராயிரத்துக்கு மேல் இருந்தன. அவ்வளவு பெரிய தொட்டிக்கோ அவ்வளவு குழாய்களுக்கோ தம்மிடம் பொருள் இல்லை என்பதை உணர்ந்த கோஷிபா, இருபது அங்குல விட்டமுள்ள குழாய் வேண்டும் என்று ஹமாமட்சு நகரத்துக் கம்பெனி ஒன்றைக் கேட்டார். உலகில் எவரும் அதுவரை செய்திராத அளவு அது. அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்கள், 1926-இல் கதோடு கதிர்க் குழாயில் ஓர் எழுத்தைத் தெரியச் செய்து ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு வித்திட்ட தகயனாகி என்ற ஆசிரியரின் வழிவந்த மாணவர்கள். கண்ணாடி ஊதுவது, வெற்றிடம் அமைப்பது, உலோகத்தின்மீது சீசியத்தை ஆவியாக்கிப் படியவைப்பது ஆகியவை அந்த ஊரின் கைப்பழக்கமாகவே ஆகியிருந்தன. கேட்ட குழாயை அவர்கள் செய்து கொடுத்தார்கள். அவற்றில் ஏறக்குறைய ஆயிரம் கமியோகாவில் இறங்கின.

1987 பிப்ரவரி 23-ஆம் தேதி, 1,60,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் வெடித்த நட்சத்திரம் ஒன்றிலிருந்து வந்த நியூட்ரினோக்களில் பதினொன்று, பதின்மூன்று விநாடிகளுக்குள், அத்தொட்டியில் தம் அடையாளத்தைப் பதித்தன. மறுமாதம் கோஷிபா பதவி ஓய்வு பெற்றார்; 2002-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அதற்குப் பின் ஐம்பதாயிரம் டன் நீரோடும் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட இருபது அங்குலக் குழாய்களோடும் அங்கேயே எழுந்த சூப்பர் கமியோகாண்டே என்ற தொட்டியின் பயனாக, 2015-இல் கஜிட்டாவுக்கும் அதே பரிசு கிடைத்தது. ஒரே சிற்றூரின் சுரங்கம் இரண்டு நோபல் பரிசுகளை ஈன்றது என்று வியப்பவர்கள், அச்சுரங்கத்துக்குக் கண்களைச் செய்து கொடுத்த நகரத்தையும், அங்கே மேற்பரப்புகளைப் பக்குவம் செய்த கைகளையும் மறந்துவிடலாகாது. கோலாரில் நாம் முன்னே நின்றோம்; அக்கைத்திறனை வளர்த்துக்கொண்ட தேசம் எங்கே போயிற்று, குழாயைக் கப்பலில் வரவழைத்துக்கொண்டே இருந்த தேசம் எங்கே நின்றது என்பதை இந்த இரண்டு சரித்திரங்களும் சொல்கின்றன.

‘மேற்பரப்புகளின் குணங்கள் எல்லாம் அளக்கப்பட்டு அட்டவணைகளில் ஏறிவிட்டனவே, இனி அளக்க என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஜெனிவா நகரத்தை ஒட்டிய செர்ன் ஆராய்ச்சி நிலையத்தின் அநுபவத்தைச் சொல்ல விரும்புகிறேன். அங்கே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான் திரள்கள் விநாடியின் நான்கு கோடியில் ஒரு பங்கு இடைவெளியில், ஒன்றன்பின் ஒன்றாக விரைகின்றன. அவற்றைச் சூழ்ந்த குழாயின் உட்புறம் செம்பால் ஆனது. பரம பூஜ்யத்தை அடுத்த குளிரில் அது வைக்கப்பட்டிருக்கிறது. புரோட்டான்கள் உமிழும் ஒளி செம்பில் பட்டு ஓரிரு எலெக்ட்ரான்களைக் கிளப்புகிறது. கடந்து செல்லும் திரள் அவற்றைக் கவர்ந்து எதிர்ச்சுவரில் சில நூறு எலெக்ட்ரான் வோல்ட் சக்தியோடு மோதச் செய்கிறது. விகிதம் ஒன்றுக்கு மிஞ்சியிருந்தால், அடுத்த திரள் வருவதற்குள் அவை பெருகியிருக்கும். இவ்வாறு பெருகிப் பெருகிக் குழாய் முழுவதும் எலெக்ட்ரான் மேகம் சூழ்ந்து, புரோட்டான் கற்றையை நிலைகுலையச் செய்கிறது. அரும்பாடுபட்டுக் குளிர்வித்த சுவரைச் சூடேற்றுகிறது. கோடானுகோடிப் பணத்தில் எழுந்த அந்த மகாயந்திரத்தின் செயல் வரம்பை நிர்ணயிக்கும் காரணங்களில் ஒன்று, செம்பின் மேற்புறத்து ஒருசில நானோமீட்டர் தடிப்பு!

செம்பின் விகிதம் எவ்வளவு என்று கேட்டால் அட்டவணை ஓர் எண்ணைச் சொல்லும். தூய செம்புக்கு அது ஏறக்குறைய 1.3. ஆனால் காற்றில் கிடந்து, ஈரமும் பிசுக்கும் ஏறி, பட்டறையிலிருந்து வந்த செம்புக்கு அது இரண்டை நெருங்கும், தாண்டவும் கூடும். செர்ன் விஞ்ஞானிகள் கண்ட மருந்து விசித்திரமானது. எலெக்ட்ரான் மேகம் வேண்டுமென்றே தோன்றும்படி யந்திரத்தை நாட்கணக்கில் ஓட்டி, எலெக்ட்ரான்களாலேயே சுவரை அடிக்கச் செய்கிறார்கள். அந்த அடியில் மேற்பரப்பின் அழுக்கு மெல்லிய கரிப்படலமாக மாறுகிறது. கரியின் விகிதம் சிறிது. மேகம் தானாகவே தணிகிறது. நோயே மருந்தாகும் இந்த வைத்தியம் வளையம் முழுவதும் ஒரேமாதிரி பலிக்கவில்லை. சில பகுதிகள் பிடிவாதமாகச் சூடேறிக்கொண்டே இருந்தன. அத்தகைய ஒரு பகுதியிலிருந்து எடுத்து வந்த செம்பைப் பரிசோதித்தபோது, செம்பின்மேல் சாதாரணமாகப் படியும் ஆக்ஸைடுக்குப் பதிலாக, ஆக்ஸிஜன் மிகுந்த வேறோர் ஆக்ஸைடு படிந்திருந்ததையும், கரி போதிய அளவு இல்லாததையும் கண்டார்கள். உலகத்துப் பேரறிஞர்கள் கூடியுள்ள இடத்தில், செம்பின் இரண்டு ஆக்ஸைடுகளுக்கு உள்ள வேறுபாடு, நம் உயர்நிலைப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம், பல வருஷங்களின் புதிராக நின்றது. பொருளின் பெயரைக் கொண்டு அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை. ஒவ்வொரு மேற்பரப்பையும் அதன் இடத்தில், அதன் நிலையில், ஒருவர் உட்கார்ந்து அளந்தேயாக வேண்டும்.

நம் நாட்டில் இத்திறன் அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. உதகமண்டலத்தில், 2,200 மீட்டர் உயரத்தில், கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வுக்களத்தை டாடா நிலையத்தார் நடத்தி வருகிறார்கள். மலைச்சரிவில் ஏறக்குறைய நானூறு ஒளிர்பலகைக் கருவிகள் பரப்பி வைக்கப்பட்டுள்ளன. கோலார்ச் சுரங்கம் மூடப்படும் தறுவாயில் அங்கிருந்து மீட்டுக் கொணர்ந்த 3,712 வாயுக்குழாய்கள் அங்கே மியுவான்களை எண்ணுகின்றன. ஒளிர்பலகைகளை அவர்கள் தாமே வார்த்துக்கொள்கிறார்கள். வாயுக்குழாய்களையும் தாமே செய்யக் கற்றுக்கொண்டார்கள். தமிழ்நாட்டின் மலையொன்றின்மேல், உள்ளூர் இளைஞர்களின் கைகளால், இவை நடைபெறுவதை எண்ணும்போது பெருமிதம் கொள்கிறேன். ஆயினும் பலகையின் ஒளியைக் கண்டு பெருக்கும் குழாய் மட்டும் இன்னும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதைச் செய்ய வேண்டிய மேற்பரப்பு வித்தையை நம் கலாசாலைகள் கற்பிக்கவில்லை.

கற்பிக்கத் தொடங்குவதற்குப் பெரும் பொருள் தேவையில்லை என்பதே நான் வற்புறுத்த விரும்புவது. முதுகலைப் பௌதிக வகுப்பின் பரிசோதனைச் சாலையில், நல்ல வெற்றிடம் தரும் பம்பு ஒன்றும், ஓர் உலோகக் கலமும், சூடேற்றினால் எலெக்ட்ரான்களைத் தரும் டங்ஸ்டன் இழையும், நானோ ஆம்பியர் அளக்கும் மீட்டரும் இருந்தால் போதும். தகட்டுக்குச் சிறிது நேர்மின்னழுத்தம் கொடுத்து, எந்த எலெக்ட்ரானும் தப்பாதபடி செய்து, வந்து விழும் மின்னோட்டத்தை முதலில் அளக்க வேண்டும். பிறகு சிறிது எதிர்மின்னழுத்தம் கொடுத்து, கிளம்பியவை அனைத்தும் வெளியேறும்படி விட்டு, எஞ்சியதை அளக்க வேண்டும். இரண்டிலிருந்தும் விகிதம் கிடைத்துவிடும். கணிதம் ஒரு வரிக்கு மேல் இல்லை. மேற்பரப்பைப் பற்றிய விசாரமோ ஓர் ஆயுள் முழுவதற்கும் போதும். விரலால் தொட்ட தகட்டையும் தொடாத தகட்டையும் அளந்து, அவ்விரண்டு எண்களும் வேறுபடுவதைத் தன் கண்ணால் கண்ட மாணவன், பிறகு எந்த எஸ்.இ.எம். படத்தையும் வெறும் அலங்காரமாக ஆய்வேட்டில் சேர்க்கமாட்டான்.

இதற்கு இன்றியமையாத இன்னொன்று மனிதர்கள். கண்ணாடி ஊதுபவர், வெற்றிடக் கசிவைத் தேடிப் பிடிப்பவர், கடைசல் பிடிப்பவர் ஆகியோர் ஒரு காலத்தில் நம் பெரிய கல்லூரிகளின் பௌதிகத் துறைகளில் கௌரவத்தோடு இருந்தார்கள். அவர்கள் ஓய்வு பெற்றதும் அந்த ஸ்தானங்கள் நிரப்பப்படாமலே மறைந்துபோன கல்லூரிகளை நான் அறிவேன். அதே காலத்தில் கோடிக்கணக்கான ரூபாய்க்கு யந்திரங்கள் வாங்கப்பட்டன. அவற்றில் ஓர் ஓ-வளையம் கசிந்தாலும் கம்பெனி ஆள் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும்வரை வாரக்கணக்கில் அவை மூடியே கிடக்கின்றன. ஒரு யந்திரத்தின் விலையில் சிறு பங்கைக் கொண்டு இரண்டு கைவினைஞர்களைப் பல வருஷங்கள் வைத்துக் காக்கலாம்; அவர்களிடம் பயின்ற மாணவர்கள் அந்த யந்திரத்தையே திறந்து பழுது நீக்குவார்கள். பேராசிரியர் பதவிக்குக் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்க்கும் குழுக்கள், வெற்றிடக் கலம் ஒன்றைத் தம் கையால் கட்டியவருக்கும் அதற்குரிய மதிப்பெண்ணை வழங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களுக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. பம்பும் கலமும் உள்ள ஒரு துறையில், இரண்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் சேர்ந்து, இரண்டாம் நிலை எலெக்ட்ரான் விகிதத்தை அளக்கும் திட்டமொன்றை அதற்கு எழுதி அனுப்பலாம். வாங்கியபடியே உள்ள செம்பு, அமிலத்தில் துலக்கிய செம்பு, வெற்றிடத்தில் சூடேற்றிய செம்பு, சில மணி நேரம் எலெக்ட்ரான்களால் அடிபட்ட செம்பு என்று நான்கு நிலைகளில் ஒரே தகட்டை அளந்து வரைபடம் வரைவது ஒரு கல்வியாண்டுக்குள் முடியக்கூடிய வேலை. மறுஆண்டு அதே மேசையில் மக்னீசியம் ஆக்ஸைடுப் பூச்சுக்கும், அதற்கு மறுஆண்டு செம்பு பெரிலியத் தகட்டுக்கும் போகலாம். டைனோடு செய்யப் பழகுவது அங்கிருந்துதான் தொடங்கும்.